கேட்க ஆளில்லாதவர்கள்

சென்னம்மாள் களித் தட்டைத் தள்ளிய வேகத்தில் அது சுவர்வரை போய் முட்டி நின்றது. கீரைக் குழம்பு தரையெல்லாம் கொட்டியது.

“எனக்கு வேணாம். அந்த வண்டிக்காரனக் கூப்புட்டுப் போடு. அவந்தான இந்த வூட்டுக்கு வரப்போறவன்.”

பாஞ்சாலி துணி எடுத்து வந்து குழம்பைத் துடைத்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. சென்னம்மாளின் ஒரே மகன் கிணற்று வேலையில் மண் சரிந்து செத்தபோது, இவள் கழுத்திலும் காலிலும் இருந்ததைத் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து எடுத்தார்கள். அதன் பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ், மருமகளின் கூலியில், சண்டையில்லாமல்தான் இருந்தார்கள். வண்டிக்கார மாயவன் நேற்று சாயங்காலம் வாசலில் வந்து நின்று, பாஞ்சாலியைக் கட்டிக்கொள்ளக் கேட்கும்வரை.

“நான் உங்கள வுட்டுட்டுப் போவலைங்க அத்தே. எங்க போனாலும் உங்களக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். அவரும் அதத்தான் சொல்றாரு.”

“அவரா? எம் மவனச் சொன்ன வாயால இன்னொருத்தன அவருங்கற. அவன் வூட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, அவன் பொண்டாட்டிக்கு மாமியான்னு நான் மூலையில குந்தியிருக்கணுமா? ஊரு என்னைய என்னான்னு கேக்கும்?”

ஊர் மாயவனை ஒன்றும் கேட்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து சாமான் ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரன் அவன். மனைவி பிரசவத்தில் செத்த மூன்றாம் மாதமே அவனுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். காலையில் அவன் எதிரே வந்தால் யாரும் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவதில்லை. பாஞ்சாலி எதிரே வந்தால் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள்தான். ஒருத்தனுக்கு அது துக்கம், இன்னொருத்திக்கு அது குற்றம்.

சென்னம்மாளின் கோபத்தில் பாதி மகனுக்காக. மீதி பயம். இவள் போய்விட்டால் நாளைக்கு அடுப்பு யாருக்காக எரியும் என்ற பயம். அதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

பாஞ்சாலி மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஊருக்கு வெளியே கல்மேட்டில் இருந்தது கிருஷ்ணப்பனின் மருந்துக் கம்பெனி. மருந்தென்றால் வெடிமருந்து. தர்மபுரி தனி மாவட்டமாகி ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. கரண்ட் வந்த ஊரிலெல்லாம் பம்புசெட்டு, பம்புசெட்டுக்காகக் காட்டுக்குக் காடு கிணறு. இந்தப் பக்கத்துப் பூமியில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறையைப் பிளக்கக் கருமருந்தும் திரியும் வேண்டும். கிருஷ்ணப்பனுக்கு நல்ல காலம்.

மருந்து சலிக்கும் கொட்டகையில் எந்நேரமும் கறுப்புத் தூசி பறக்கும். அங்கே வேலை செய்பவர்கள் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஒரு பொறி போதும், கொட்டகை இருக்காது. அதனால் உள்ளே போகிறவர்கள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்பது சட்டம். தாலிக் குண்டு, மெட்டி, வளையல், கொலுசு, எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆரம்பத்தில் அதை ஊர்ப் பெண்களிடம் சொன்னதற்குக் கிருஷ்ணப்பன் வாங்கிக் கட்டிக்கொண்டார். புருஷன்மார்கள் கம்பெனி கேட்டில் வந்து நின்று கத்தினார்கள். எங்க பொண்டாட்டி தாலிய அவுக்கச் சொல்ல நீ யாரு என்றார்கள்.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கழற்றுவதற்கு ஒன்றுமே இல்லாதவர்களாகப் பார்த்து வேலைக்கு வைத்தால்?

அன்று முதல் சலிக்கும் கொட்டகையில் விதவைகள் மட்டும்தான். சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்கா பஞ்சம். நல்லம்பள்ளியில் நடந்த ஒரு கூட்டத்தில் கிருஷ்ணப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, கைம்பெண்களின் காவலர் என்று பேசினார்கள். அவரும் கண் கலங்கி நன்றி சொன்னார். அவர் மனதறிந்து யாருக்கும் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. கொட்டகைக்குள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, லாடம் அடித்த செருப்போடு வருவார். அதில் உலோகம் இருப்பது யார் கண்ணுக்கும் படவில்லை.

சட்டம் இன்னொன்றும் சொல்லியிருந்தது. சலிக்கிற மோட்டாருக்கான சுவிட்சு கொட்டகைக்குள்ளேயே இருந்தது. கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் உள்ளே நீலமாக ஒரு பொறி. அதனால் சுவிட்சும் பீஸும் கனமான இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், மூடியைச் சுற்றிலும் போல்ட்டு போட்டு முடுக்கியிருக்க வேண்டும், பெட்டிக்குள் தீ பிடித்தாலும் அது வெளியே வரக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். பெட்டி ரயிலில் வந்தது. மாயவன்தான் வண்டியில் ஏற்றிவந்தான். இறக்குவதற்குள் நாலு பேருக்கு இடுப்பு விட்டுப்போனது.

பெட்டியில் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கே கரண்ட் சரியில்லை. அடிக்கடி பீஸ் போகும். ஒவ்வொரு தடவையும் கரண்ட் வேலை பார்க்கும் பிட்டர் நூர் பாஷா அத்தனை போல்ட்டையும் கழற்றி, பீஸ் கட்டி, மறுபடி அத்தனையும் முடுக்க வேண்டும். அதுவரை மோட்டார் சும்மா நிற்கும்.

“ரெண்டு போல்ட்டு போட்டா போதும் பாய், எதுக்கு அத்தனை?” என்றார் கிருஷ்ணப்பன்.

இரண்டு ஒன்றாயிற்று. பிறகு மூடி சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் நூர் பாஷா ஸ்பானரோடு ஓடுவார். ஆயுத பூஜைக்கும் மூடியை முடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அதைத் தினமும் தொடுகிற பெண்கள் அன்றைக்கு மட்டும் கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பூஜையில் விதவைகள் முன்னால் வரக்கூடாதல்லவா.

“அந்த மூடியப் போட்டுட்டுத்தான் போங்களேன் பாய். இழுக்கறப்பல்லாம் பொறி பறக்கறது தெரியுது” என்று பாஞ்சாலி ஒருநாள் கேட்டாள்.

“போடலாம்மா. மறுபடி பீஸ் போனா மோட்டாரு நிக்கும். மொதலாளி என்னையத்தான் கேப்பாரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது” என்றார் நூர் பாஷா. அவர் சொன்னதும் பொய்யில்லை.

அன்று காலை களித் தட்டு முட்டி நின்ற சத்தம் காதைவிட்டுப் போகாமலே பாஞ்சாலி மருந்து சலித்தாள். பக்கத்தில் ஷரீபுன்னிசா. பொம்மிடியில் கட்டிக்கொடுத்து, புருஷன் காசநோயில் போய், அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள்.

“எங்க ஜனத்துல இதுக்குத் தடையில்ல பாஞ்சாலி. கட்டிக்க வர்றவன்தான் இல்ல. உனக்கு வந்திருக்கறான். மாமியா நாலு நாளு கத்துவாங்க, அப்பறம் அடங்கிருவாங்க. வுட்றாத” என்றாள்.

“பயம் மாமியாளுக்கு இல்லக்கா. வேலை போயிரும்னுதான் பயம். சாமான் ஏத்த இப்பல்லாம் லாரி வந்துட்டு இருக்குது, அவரு வண்டிய நம்பி மூணு பேரு சாப்புட முடியாது.”

“மொதலாளியக் கேளு. அவரு நல்ல மனுசந்தான.”

மத்தியானம் பாஞ்சாலி ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். கிருஷ்ணப்பன் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

“தாலிக்குப் பொன்னு வேணாங்க. மஞ்சத்துண்டு கோத்த கயிறு மட்டும் கட்டிக்கறேன். மெட்டி போட மாட்டேங்க. ஒடம்புல இரும்பு, வெள்ளி எதுவும் இருக்காது. இப்ப செய்யற வேலையவே செஞ்சிக்கிட்டு இருக்கறேங்க.”

கிருஷ்ணப்பன் அவளைப் பார்க்கவில்லை. அவள் அங்கே இல்லாததுபோல் கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

“கவுத்துல பொறி வராதுங்கறா. சரிதான். ஆனா புருஷன்னு ஒருத்தன் வந்துட்டா நாளைக்கு ஒண்ணுன்னா கேட்டுல வந்து நிப்பான். மூடி எங்கம்பான், பெட்டி எங்கம்பான். இப்ப இருக்கறதுங்களுக்குக் கேக்க ஆளில்ல. அதனாலதான் கம்பெனி சத்தமில்லாம ஓடுது.”

பிறகு அவளிடம் திரும்பி அன்பாகவே சொன்னார்: “நல்லாக் கட்டிக்கம்மா. நாங் குறுக்க நிக்கல. ஆனா அன்னிக்கே வேலைய வுட்டு நின்னுக்கணும்.”

சாயங்காலம் பாஞ்சாலி இதை அப்படியே சென்னம்மாளிடம் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். “நமக்குக் கேக்க ஆளில்லையாம் அத்தே. அதுக்குத்தான் நமக்கு வேலை குடுத்திருக்கறாராம்.” சென்னம்மாள் சட்டியைச் சுரண்டிக்கொண்டே காதில் வாங்கினாள். அன்றைக்குச் சாப்பிட்டாள்.

தை வரைக்கும் வேலை செய்வது, கூலியைச் சேர்த்து வைத்துக்கொள்வது, அதற்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்வது என்று பாஞ்சாலியும் மாயவனும் பேசி வைத்தார்கள்.

தை வரவில்லை. மார்கழியில் ஒரு காலைப்பொழுது, மாயவன் மொரப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். வெடிச்சத்தம் கேட்டது. கிணற்று வெடி தினமும் கேட்பதுதான், மாடுகள்கூட மிரள்வதில்லை. அன்றைக்கு மாடுகள் மிரண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கின. கல்மேட்டுப் பக்கம் புகை எழும்பியது. அவன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

பீஸ் கட்டிவிட்டு நூர் பாஷா வெளியே போயிருந்தார். மூடி சுவரோரம் இருந்தது. கைப்பிடியை இழுத்தவள் பாஞ்சாலி. அவளும், உடனிருந்த இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள். தண்ணீர் குடிக்கத் தொட்டிப் பக்கம் போயிருந்த ஷரீபுன்னிசாவும் அதே கொட்டகையில் வேலை செய்த தீர்த்தம்மாளும் இன்னும் சிலரும் பிழைத்தார்கள். பாஞ்சாலியை அடையாளம் காட்டச் சென்னம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் எதை வைத்து அடையாளம் சொல்வாள்? அந்த உடம்பில் அடையாளத்துக்கென்று ஒரு நகைகூட இல்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். ஆபீஸ் வராந்தாவில் மேஜை போட்டிருந்தது. கரி பிடித்த இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து எதிரே வைத்திருந்தார்கள். இப்போது மூடி போட்டிருந்தது. சுற்றிலும் அத்தனை போல்ட்டும் இருந்தன.

கிருஷ்ணப்பன் கைகட்டி நின்றார். அவர் கண்கள் நிஜமாகவே சிவந்திருந்தன.

“கம்பெனி மேல தப்பில்லீங்க. பாஞ்சாலின்னு ஒரு பொண்ணு. விதவைங்க. அந்த வண்டிக்காரனோட சகவாசம். கொஞ்ச நாளா யாருக்கும் தெரியாம மெட்டி போட்டுக்கிட்டு வந்திருக்குது. அது கல்லுல ஒரசிருச்சுங்க. செத்தவளப் பத்திச் சொல்லக்கூடாது, என்ன பண்றது?”

அதிகாரி நூர் பாஷாவைப் பார்த்தார். “பெட்டிக்கு மூடி போட்டிருந்ததா?”

நூர் பாஷா தரையைப் பார்த்தார். “போட்டிருந்துதுங்க.”

“இறந்தவங்களுக்கு உறவுக்காரங்க யாராவது சொல்ல வேண்டியது இருக்கா?”

மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தியின் தகப்பன் தலையசைத்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். இன்னொருத்தியின் தம்பிக்கு நேற்றுத்தான் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. அவனும் வைத்தான்.

கூட்டத்திலிருந்து மாயவன் முன்னால் வந்தான். “அது பொய்ங்க. அவ மெட்டி போடல. பெட்டிக்கு மூடியே போடறதில்லீங்க. பெட்டிய எறக்குனவன் நான். மருந்து ஏத்த வர்றப்பல்லாம் பாத்திருக்கறேன்.”

“நீ யாரு? இறந்தவங்களுக்கு என்ன உறவு?”

என்ன உறவு? தையில் ஆகியிருக்க வேண்டிய உறவு.

“ஒறவெல்லாம் இல்ல சார். வண்டிக்காரன். மொதலாளிதான் சொன்னாரே” என்றார் கணக்குப்பிள்ளை.

“உறவுக்காரங்க மட்டும் பேசினா போதும். ஓரமா நில்லுப்பா.” அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். அவர் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“அவ புருஷங்க இவரு.”

சென்னம்மாள் சொன்னாள். தூணைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

“யாரும்மா நீங்க?”

“பாஞ்சாலி என் மருமவ. எம் மவன் செத்தப்பறம் நாந்தாங்க இவருக்குக் கட்டி வெச்சேன். வேலை போயிருமேன்னு வெளிய சொல்லல. கேக்க ஆளில்லாதவளா இருந்தாத்தான இங்க வேலை.”

கிருஷ்ணப்பன் அவசரமாகக் குறுக்கிட்டார். “ஆயா, துக்கத்துல என்னத்தையோ பேசாதீங்க. கல்யாணம் எப்ப நடந்துது? யாரு பாத்தா? சார், ஊருல கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது.”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். “கல்யாணத்துக்குச் சாட்சி யாராவது உண்டாம்மா?”

சென்னம்மாளுக்கு இதற்குமேல் பொய் சொல்லத் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னவள் இல்லை. கூட்டத்தைப் பார்த்தாள். தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கொட்டகைப் பெண்கள் வழக்கம்போல் எல்லோருக்கும் பின்னால், தள்ளி நின்றிருந்தார்கள். அங்கேயிருந்து ஷரீபுன்னிசா சொன்னாள்:

“நான் இருந்தேங்க அந்தக் கல்யாணத்துல.”

“நானும் இருந்தேங்க” என்றாள் தீர்த்தம்மாள். “மாலைய நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“நானும் இருந்தேன்.”

“நானுந்தாங்க.”

அந்த ஊரில் எந்தக் கல்யாணப் பந்தலுக்குள்ளும் கால் வைக்க விடப்படாதவர்கள் அவர்கள். ஒருத்தி விடாமல் எல்லோரும் சொன்னார்கள். நாளைக்கு வேலை இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். தெருக்காரர்களுக்கு அது பச்சைப் பொய் என்று தெரியும். மாலை எடுத்துக் கொடுத்தது விதவையா என்று யாரும் அங்கே கேட்கத் துணியவில்லை.

“பேசுங்க மாப்பிள்ளே” என்றாள் சென்னம்மாள்.

மாயவன் வாயைத் திறந்தான். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.