முன்னூறு அடி

கௌசிக் வேலை செய்த சரக்குக் கப்பலிலிருந்து ஆறு நாளாகத் தகவல் இல்லை. அவன் தங்கை தனப்பிரியா, இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வரலாற்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். முதல் நான்கு பயணங்களுக்குப் பக்கம் பக்கமாய் விவரம். ஐந்தாவதற்கு ஒரே வரி: துறைமுகத்திலிருந்து புறப்பட்டது, பிறகு செய்தி இல்லை.

"அதக் கண்டுபுடிச்சாங்களா சாமி?" என்றார் அப்பா மயில்சாமி. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்.

"எழுவது வருசம் கழிச்சுங்கப்பா. முன்னூறு அடி ஆழத்துல."

அவர் முகம் தெளிந்தது. "முன்னூறுதானா? ராசிபுரத்துல நாம ஆயிரத்து எரநூறு போட்டோமே! கப்பல் கம்பெனிக்குப் போன் போடு சாமி. ரிக்க நானே கொண்டாரேன்னு சொல்லு."

எழுந்து சட்டையை மாட்டினார். காலையிலிருந்து யாரும் எடுக்காத அந்த எண்ணைத் தனப்பிரியா மறுபடி அழுத்தினாள்.