பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. டவுன் பஸ் சீட்டின் முதுகில் எவனோ 1111111 என்று கிறுக்கியிருந்தான். ஏழு ஒன்றுகள். ஒற்றைப்படை. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதேதான். இவ்வளவு லட்சணமான எண் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பித் தொலைத்தேன். (பகா எண் என்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

2

"1979. பசுமலைமேல் மாலை வெயில் மெல்ல…"

சீச்சீ. வெயிலுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

கணிதப் பேராசிரியர் கல்யாணராமன் அந்த எண் பகா எண்தான் என்று கல்லூரி மலரில் அச்சேற்றியிருந்தார். அதன் வர்க்கமூலம் 1054 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். வகுத்தார், பஸ்ஸில், ஸ்டாப்புக்கு ஒன்றாக. பழங்காநத்தத்தில் 233 முடிந்தது. அடுத்த ஸ்டாப்பில் ஒரு கோழிக்கூடை வேட்டியில் இடித்தது. கூடைக்காரியோடு மல்லுக்கட்டிவிட்டு, 241-இல் தொடர்ந்தார்.*

*நடுவில் எது போயிற்று என்று அவர் பார்க்கவில்லை. மேதையல்லவா!

3

பரீட்சையிலும் அதையே கேட்டார்: 'பகா எண் என நிறுவுக.' பத்து மார்க். உசிலம்பட்டி அன்னக்கொடி ஐம்பத்திரண்டு முறை வகுத்து, "பகா எண் அல்ல, 239 × 4649" என்று எழுதினாள். சைபர் போட்டார். மொத்தம் முப்பத்துமூன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். பாஸானால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தயார். மார்க் பட்டியல் இன்று நாலு மணிக்கு ஆபீசுக்குப் போகிறது.

இப்போது மணி மூன்றரை. அவர் மேஜை முன்னால் நிற்கிறாள்.

"சார், பெருக்கிப் பாருங்க சார். ரெண்டு நிமிசந்தான்."

"நூத்தெழுபத்தாறு பகா எண்ணால வகுத்தவன்மா நான். எனக்கே பாடமா?"

"நூத்தெழுபத்தேழுல்ல சார் இருக்கு?"

கல்யாணராமனுக்குச் சுருக்கென்றது. கோழிக்கூடை நினைவுக்கு வந்தது. அதைவிடப் பெரிதாக மலர் நினைவுக்கு வந்தது, அச்சில் தன் பெயரோடு.

"இம்புட்டுப் படிச்சவங்க ஒரு பெருக்கலுக்கு ஏன் சார் பயப்படுறீக?"

4

முடிவுகள் வைத்திருந்தேன். (அ) அவர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். தூ, சினிமா. (ஆ) அன்னக்கொடி பிரின்சிபாலிடம் போகிறாள். பிரின்சிபாலின் முன்னுரையும் அதே மலரில்தான் இருக்கிறது. (இ) அவர் திடீரென்று…

கிழித்துப் போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அவர் ஒரு தாளை இழுத்து, 4649-ஐ 239-ஆல் பெருக்கி, கடுகடுவென்று மூன்று வரி எழுதினார்:

41,841
1,39,470
9,29,800

கீழே கோடு போட்டார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அன்னக்கொடி கடிகாரத்தைப் பார்க்கிறாள். மணி மூன்று ஐம்பது.

அவர் கூட்டமாட்டார். அவர் நான் எழுதியெழுதியே பழகிய ஆள், எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் கூட்டுங்கள். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.