பதினொன்றின் அண்ணன்

குளித்துக் குளித்தே அவளுக்குச் சோப்பு அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிக்குட்டி இருக்கும் அறைக்குள் போகும்போது ஒரு தலைக்குளியல், வெளியே வரும்போது இன்னொன்று. ஒரு நாளைக்கு நாலு முறை. கணவனுக்குச் சளி பிடித்தால் துணிமணியை அள்ளிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

"கட்டின புருஷனை விடப் பன்னி பெருசாடி?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"உனக்குச் சளி வந்தா மாத்திரை போதும். அதுக்கு வந்தா குழிதான்."

பொய்யில்லை. மரபணுவில் கை வைத்துப் பிறக்கவைத்த குட்டி அது. நோயை எதிர்க்கும் சக்தி உடம்பில் மருந்துக்கும் கிடையாது. அதே குறையோடு பிறக்கும் மனிதக் குழந்தைகளுக்கு வழி தேடத்தான் இத்தனை பாடும். தாயின் வயிற்றைக் கிழித்து எடுத்த நாளிலிருந்து அக்கா கையால்தான் புட்டிப்பால். அப்படிப் பிறந்தவற்றில் பிழைத்தது ஒன்றே ஒன்று, பதினொன்றாம் எண். மனித எலும்பு மஜ்ஜையின் செல்களை அதற்குள் ஏற்றிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவை உள்ளே ஒட்டிக்கொண்டனவா என்று தெரிய இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் யாராவது ஒரு தும்மல் போட்டால் ஒன்றரை வருட உழைப்பும் குட்டியும் ஒன்றாகப் போய்விடும்.

அந்த அறைக்குள் நுழைவதற்கு நாற்பத்தெட்டுப் பக்க விதிப்புத்தகம் எழுதியவர் இயக்குநர். 'தலை உட்படக் குளிக்க வேண்டும்' என்பதற்கு இரண்டு அடிக்கோடு வேறு. எழுதிய மூன்று வருடத்தில் அவர் மட்டும் உள்ளே போனதில்லை. காரணம் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் தெரியும். அவர் தலையில் கருகருவென்று இருந்தது டோப்பா.

சுகாதாரத் துறைச் செயலாளர் அம்மா பார்வையிட வந்த அன்று காலை, இயக்குநர் சிவந்த மூக்கோடு அக்காவைக் கூப்பிட்டார்.

"அம்மாவைப் போய்க் குளிங்கன்னு சொல்றது மரியாதையா இருக்காது. குட்டியை வரவேற்பறைக்குக் கொண்டு வந்துடு. நான் தூக்கி வச்சுக்கிறேன், ஒரு போட்டோ."

"வெளிய வந்தா செத்துடும் ஐயா."

"அஞ்சு நிமிஷத்துல எந்தப் பன்னிம்மா சாகுது?" என்று கேட்டுவிட்டுத் தும்மினார்.

அக்கா கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அவர் டீ குடிப்பதை நிறுத்தாமலே யோசனை சொன்னார். "பதினொண்ணோட கூடப் பொறந்தவன் கொட்டகையில திரியுறானே. அவனுக்கு ஒரு குறையும் கிடையாது, கல்லைத் தின்னாலும் செரிக்கும். மூஞ்சி அச்சு அசல் அதே."

"காதுல நம்பர் வேற ஆச்சே?"

"அவர் காதையா பார்க்கப் போறார்? கேமராவைப் பார்ப்பார்."

அண்ணனைத் தேய்த்துக் குளிப்பாட்டி வெள்ளைத் துண்டில் சுற்றி இயக்குநர் கையில் கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு தூசு பட்டாலும் மடிந்துவிடக்கூடிய உயிர் இது!"

அந்த உயிர் எட்டிப் பார்த்து, செயலாளருக்கு வைத்திருந்த பூங்கொத்தில் பாதியைக் கடித்து விழுங்கியது. இயக்குநர் அதைப் பிடித்து இழுக்கப் போய், அதன் முகத்திலேயே அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டார். பன்றி மூக்கை நக்கிக்கொண்டது.

விஷயம் தெரியாதவர்கள் எல்லோரும் அது சாவதற்காகக் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. பன்றி மிச்சப் பூங்கொத்தையும் முடித்தது. கிருமி வேலையைக் காட்ட நாள் கணக்கில் ஆகும் என்று விதிப்புத்தகத்தின் ஏழாம் பக்கத்திலேயே இருந்தது. எழுதியவருக்குத்தான் மறந்துவிட்டது.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார் இயக்குநர். "செல் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு! பத்தொன்பது நாள் முன்னாடியே! உலகத்துலயே முதல் தடவை! இனிமே குளியலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாங்கம்மா, அறையையே காட்டுறேன்."

பன்றியும் கையுமாகப் போய்க் கதவின் பிடியைத் தொட்டார். அந்தக் கதவுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்தது குளியலறை மட்டும்தான்.

அக்கா குறுக்கே போய் நின்றாள். இன்றோடு வேலை போனது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க தும்மினது பதினொண்ணு மேல இல்லீங்க ஐயா. அதோட அண்ணன் மேல. இது சாதாரணப் பன்னி. நான்தான் கொட்டகையிலிருந்து தூக்கிட்டு வந்தேன்."

இயக்குநரின் முகம் மூக்கின் நிறத்துக்கு வந்தது. "யாரைக் கேட்டு மாத்தினே?"

செயலாளர் பன்றியின் காதைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நிஜமான குட்டியைப் பார்க்கணும்னா என்னம்மா செய்யணும்?"

"குளிக்கணும்மா. தலையோட."

"அவ்வளவுதானே? துண்டு குடு." கைக்கடிகாரத்தைக் கழற்றியபடி இயக்குநர் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்க சார். விதியெல்லாம் நீங்க எழுதினதாமே."

இயக்குநரின் கை தானாகத் தலைக்குப் போனது. "எனக்கு... சளி."

"மூணு வருஷமா விடாத சளிம்மா" என்றார் பின்னாலேயே வந்திருந்த மருத்துவர், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு.

தலை சொட்டச் சொட்ட இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். பதினொன்று பாதிப் புட்டியைக் காலி செய்துவிட்டு அக்காவின் மடியில் ஏப்பம் விட்டது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூவெல்லாம் தீர்ந்துபோன பன்றி அவர் மடியில் இருந்தபடி அவருடைய முடியை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்தவருக்கு அடுத்த தும்மல் வந்தபோது வாயைப் பொத்தக் கை இல்லை.