மதாமுக்கு ஒரு விரல்

கைரேகை எடுப்பதற்கு, நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்த மறுநாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

லராஷ் துறைமுகத்துக்குப் பின்புறம் உள்ள இறால் ஆலையில் நான் டைம்கீப்பர். வாசலில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, அதன் மேல் நான். பதினோரு வருடமாக வருகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருநாள் இயந்திரம் வருகிறது என்றார்கள். அதை நிறுவ காஸாப்ளாங்காவிலிருந்து வந்த பொறியாளன், "என்றைக்கு வரட்டும்?" என்று என்னைக் கேட்டான். என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லையாதலால் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருநாளுக்குப் பிறகு வா, கைகள் சுத்தமாக இருக்கும் என்றேன்.

சுத்தமாகத்தான் இருந்தன. பத்து நாள் ஓய்வு, உள்ளங்கையில் மருதாணி. அவன் ஒவ்வொரு கட்டைவிரலாகக் கண்ணாடித் தட்டில் அழுத்தி, "அருமையான ரேகை" என்று பாராட்டினான். நான் ஏதோ என் தோட்டத்தில் விளைந்ததைப் போலப் பூரித்தேன். எல்லோருக்கும் சோதித்துவிட்டோம், பிழையில்லை என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன்.

வடக்கே எங்கோ குளிர்க்கடலில் பிடித்த இறால் அது. நாலு நாள் லாரியில் வந்து, எங்கள் பெண்கள் ஓடு உரித்ததும் மறுபடி வடக்கேயே போய்விடும். எங்கள் ஊரில் இத்தனை முறை எல்லை தாண்டியவர் வேறு யாருமில்லை. அதுவும் விசா இல்லாமல். அது கெடாமலிருக்கப் போடும் மருந்தும், ஐஸும், கத்தி போன்ற ஓடும் சேர்ந்து நாலே நாளில் விரல்நுனியைத் தின்றுவிடும். ஐந்தாம் நாள் அது ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். பதினோரு வருடமாக அந்தக் கைகளைப் பார்த்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கின. ஒருத்திக்கு இன்று பச்சை என்றால் நாளை சிவப்பு. ரேகை தெரியாவிட்டால் இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், மறுபடி முயலும்படி பிரெஞ்சில் மரியாதையாகச் சொல்லும். எங்கள் பெண்களில் பாதிப்பேருக்கு அந்த மொழி தெரியாது. அதற்கு 'மதாம்', அதாவது சீமாட்டி, என்று பெயர் வைத்தார்கள். மூன்று முறை சிவப்பு எரிந்தால் அந்த ஆளுக்குச் சுழல்கதவு பூட்டிக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு. மாதத்தில் மூன்று நாள் அப்படிப் போனால் பட்டியலிலிருந்து பெயர் தானாக விழுந்துவிடும். யாரும் நீக்குவதில்லை. அதனால் யாரையும் திட்டவும் முடியாது.

யாம்னாவுக்கு இரண்டு நாள் போயிருந்தது. பத்தொன்பது வருடமாக உரிக்கிறவள் அவள். மீன்பிடிப் படகில் முதுகு ஒடிந்து வீட்டில் கிடக்கும் கணவனுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அவள் கைதான் சோறு. மூன்றாவது நாளைத் தடுக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வலது கட்டைவிரலைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு மற்ற விரல்களால் உரித்தாள். கூடை நிரம்ப முன்பைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று.

"ஒம்போது விரல் முதலாளிக்கு, ஒண்ணு மதாமுக்கு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அந்த வியாழக்கிழமை விடியும்போது மழை. சுழல்கதவுக்கு வெளியே நிற்கும் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்குவதும் பெண்கள்தான். ஐஸ் தண்ணீர் முழங்கை வழியாக ஜெல்லாபா அங்கிக்குள் இறங்க, இரண்டு பேருக்கு ஒரு பெட்டியாகத் தூக்கி அடுக்கினார்கள். இந்த ஒரு மணி நேர வேலை மதாமுக்குத் தெரியாது. முதுகு நிமிர்த்தியதும் வரிசையில் நின்றார்கள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள் ஆன ஸுகைனாவுக்குப் பச்சை எரிந்தது. உள்ளே போனாள். அடுத்தது யாம்னா. துணியை அவிழ்த்தாள். ஈரத்தில் ஊறிய கட்டைவிரல் வெளிறிச் சுருங்கியிருந்தது. தட்டில் வைத்தாள். சிவப்பு.

"என்ன சொல்றா?"

"மறுபடி வைக்கச் சொல்றா" என்றேன்.

ஜெல்லாபாவில் துடைத்து வைத்தாள். சிவப்பு. வாயால் ஊதி உலர்த்தி வைத்தாள். சிவப்பு. கதவு பூட்டிக்கொண்டது.

"இப்ப என்ன சொல்றா?"

"நன்றி சொல்றா."

யாம்னாவுக்குப் பின்னால் நின்ற மென்னானா போட்ட சத்தத்தில் முதலாளி ஸி தௌஃபீக் குடையோடு இறங்கி வந்தார். மென்னானாவின் குரல் கப்பல் சங்கு மாதிரி.

"என்ன கூட்டம்? ஐஸ் உருகுது!"

"யாம்னா உங்க கண்ணு முன்னால நிக்கிறா. மதாம் இவ வரலைங்கிறா. நீங்க சொல்லுங்க ஸி தௌஃபீக், வந்திருக்காளா இல்லையா?"

"நான் சொல்லி என்ன ஆகப்போவுது? மெஷின் சொல்லணும். அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

"உங்க விரல வைங்க பாப்போம்."

அவர் அலட்சியமாக வைத்தார். பச்சை.

"இப்ப உள்ள வந்து எங்ககூட நாலு நாள் உரிங்க. அப்புறம் வைங்க."

வரிசையில் சிரிப்பு ஓடியது. அவர் முகம் சிவந்தது. "நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது பேருக்குச் சரியா வேலை செய்யும்னு செஞ்சவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"அந்த நூறு பேர்ல எறா உரிக்கிறவ எத்தன பேரு?"

மடக்கிவிட்டால் முதலாளிகள் கூண்டுப் பக்கம் திரும்புவார்கள். "அயாஷி! நீ கையெழுத்துப் போட்ட தாள் என்கிட்ட இருக்கு. அன்னிக்கு எல்லாருக்கும் பச்சை எரிஞ்சுதா, இல்லையா?"

சங்கடம் வந்தால் எனக்கு ஜோக் வரும். "எரிஞ்சுது முதலாளி, மருதாணிக்கும் சேத்து" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பெருநாள் லீவு முடிஞ்ச மறுநாள் எடுத்தோம். அதுக்குள்ள தோல் வளந்திருந்துச்சு. அது லீவு விரல், முதலாளி. வேலை செய்யற விரலை அது பாத்ததே இல்ல."

"அப்போ தப்பு உன்னுது" என்றார் அவர், ஏதோ கண்டெடுத்தவர் மாதிரி. "நாளைலேருந்து நீ வர வேண்டாம்." பெண்களைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? எல்லாம் இவனால. இன்னிக்கே எல்லாருக்கும் புதுசா ரேகை எடுக்கச் சொல்றேன். போதுமா?"

போதும் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

மென்னானா இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். "எதை எடுப்பீங்க?"

அவள் பின்னால் நின்ற நாற்பது பேரும் விரித்தார்கள். வெடிப்பும் வெளுப்புமான விரல்கள். நுனியில் ஒன்றுமே இல்லை.

"இவன் மடையன்தான், அது ஊருக்கே தெரியும். இவனத் தூக்கிட்டா எங்க ரேகை மொளைச்சுருமா? யாம்னா வரலைன்னா நாங்க யாருமே வரல. பழையபடி பேரக் கூப்ட்டு எழுதச் சொல்லுங்க. இனிமே எந்த மெஷின் வந்தாலும் மொதல்ல எங்க விரல்ல சோதிக்கணும். எங்களுக்குப் புரியற பாஷைல பேசணும். அப்புறம்தான் இந்த வாசல்ல மாட்டணும்."

நாற்பது பேரும் கைகளை ஜெல்லாபாவின் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"பச்சை எரியறவங்க உள்ள போலாம்!" என்று கத்தினார் ஸி தௌஃபீக். யாரும் நகரவில்லை. நகர்ந்தது ஸுகைனா ஒருத்திதான். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்து, மழையில் யாம்னாவின் பக்கத்தில் நின்றாள்.

"ஒம்போது மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் டாஞ்சியர்லேருந்து ரெண்டு பஸ் ஆள் எறக்குவேன்."

"எறக்குங்க" என்றாள் மென்னானா. "அவளுங்களுக்கும் நாலு நாள்தான்."

அவர் போய்விட்டார். பெட்டிகளின் அடியில் ஐஸ் உருகி வாய்க்காலாக ஓடியது. ஒன்பது மணிக்கு என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியாது. பஸ்கள் நிஜமாகவே வரலாம். நான் கூண்டை விட்டு இறங்கினேன். அந்த நேரத்தில் அந்தப் படிக்கட்டு எனக்கு மிக உயரமாகத் தெரிந்தது.

"லல்லா மென்னானா, நானும் நிக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டேன்.

"உனக்கு நாற்காலி வேணுமே அயாஷி. அதுக்கு நாங்க எங்க போவோம்?"

பின்னால் ஒருத்தி, "மதாம்கிட்ட விரல் வெச்சுக் கேளு, நீ ஆளுதானான்னு சொல்லுவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பதில் வேண்டியிருந்தது. யாம்னாவிடம் போனேன்.

"யாம்னா, நீ சொல்லு. நான் நிக்கலாமா?"

அவள் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு உன் மேல கோவம் அயாஷி. நாளைக்கும் இருக்கும், அதுக்கப்புறமும் இருக்கும். எங்க கையப் பாத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டே. ஆனா இன்னிக்கு ஆள் பத்தல. நில்லு."