நான் தின்னாத ரொட்டி

"மறைக்காம எழுதுங்க மேடம். நான் திட்ட மாட்டேன்" என்றாள் டயட்டீஷியன், என் சாப்பாட்டு நோட்டைப் புரட்டியபடி.

மறைக்க என்ன இருக்கிறது? கோதுமை துகளளவுகூட என் வயிற்றுக்கு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து வாயில் போனதையெல்லாம் எழுதிவருகிறேன். சோறு, முட்டை, வாழைப்பழம், அரிசி பிஸ்கட்டில் தடவிய வெண்ணெய். இருமலுக்குச் சப்பிய மிட்டாயின் உறையைக்கூட ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் வயிறு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். வலி, உப்புசம், மறுபடி வலி. ரத்தப் பரிசோதனையில் கோதுமையைக் காட்டிக்கொடுக்கும் எண் இறங்கவே இல்லை. அடுத்த தடவையும் இறங்காவிட்டால் மீண்டும் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். முதல் தடவை விட்டதையே என் தொண்டை இன்னும் மறக்கவில்லை.

"எப்படி உள்ள போகுதுன்னே தெரியலைங்க" என்றேன்.

அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு எனக்குத் தெரியும். சலவைக் கடைக் கவுண்டரில் நான் தினமும் செய்வதுதான். கறைபட்ட சட்டையோடு வருகிறவர்கள் எல்லோரும், "இது எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்பார்கள். நான் தலையசைத்துவிட்டு ரசீதில் 'எண்ணெய்க் கறை' என்று எழுதுவேன். ஒருவரையும் நம்பியதில்லை. நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்ததும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் போனில் நாத்தனார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கடையில யாராவது கேக் குடுத்து, ஒரு வாய்..."

"இல்லம்மா."

"அண்ணனைப் பாருங்க. உங்களுக்காக அவரும் கோதுமையை விட்டுட்டாரு. எந்தப் புருஷன் செய்வான்?"

இந்தப் பாட்டைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பாடி முடித்துவிட்டார்கள். நான் கேட்காமலே, "இனி நம்ம வீட்டுல கோதுமையே கிடையாது" என்று அறிவித்தவர் என் கணவர். நோய் எனக்கு, பாராட்டு அவருக்கு. எனக்கும் அவர்மேல் நன்றி இருந்தது. எரிச்சலே அதுதான்.

அன்று அவரும் நோட்டை எட்டிப் பார்த்து, "மறந்துபோய் எதையாவது தின்னுட்டியோ?" என்றார்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தபோது வெண்ணெய் டப்பாவைத் திறந்தேன். கறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது கைப்பழக்கம். டப்பாவையும் ஜன்னல் பக்கம் சாய்த்தேன். கத்தி கீறிய தடத்தில் பழுப்புத் துகள்கள். ஒன்றை எடுத்து நசுக்கினேன். வாட்டிய ரொட்டி.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் டப்பாவை நீட்டினேன்.

"இது என்னங்க?"

"எப்படி வந்துச்சுன்னே தெரியலையே."

நான் தலையசைக்கவில்லை. அப்படியே நின்றேன்.

"நீ வேலைக்குப் போனப்புறம் ஒரே ஒரு ஸ்லைஸ்" என்றார். "தட்டைக்கூடக் கழுவி வெச்சிடுவேன்."

"வெண்ணெயை?"

துவட்டி முடித்த தலையையே மறுபடி துவட்டினார்.

"நீங்க தின்னதுக்கு நான் பொய்க்காரி ஆகணுமா? தின்னுங்க, உங்களுக்குன்னு தனி டப்பா வெச்சுத் தின்னுங்க. உங்களை யாரு விடச் சொன்னா?"

"எல்லாரும் பாராட்டிட்டாங்களா... அப்புறம் நடுவுல எப்படி..."

சிரிப்பு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். இத்தனை நாள் வலித்த வயிற்றுக்கு ஒரு காலைப் பொழுதாவது கோபம் பாக்கி இருக்க வேண்டாமா?

நோட்டை விரித்து, நேற்றைய பக்கத்தில் பேனாவை வைத்தேன்.

"எழுதுங்க."

"இது உன் நோட்டு..."

"என் வயித்துக்குள்ள போனது உங்க பிரெட்டு."

உட்கார்ந்து 'பிரெட், ஒரு ஸ்லைஸ்' என்று எழுதினார். நான் நகரவில்லை. 'ஒரு'வை அடித்து 'மூன்று' ஆக்கினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"வயிறு எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருக்கே?"

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், பாதிக் குரலில்.

"அதையே எழுதுங்க" என்றேன். பிறகு போனில் நாத்தனாரின் எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன். "எழுதினதை அப்படியே உங்க தங்கச்சிக்கும் படிச்சுக் காட்டுங்க."