வாளைத் தூக்கும் கை

1

இந்தக் கதை என் அண்ணனுடையது. எழுதாதே என்று அவன் சொன்னான். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் இதில் ஒரு கதை இருக்கிறது என்றே எனக்கு உறைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜன்னல் வழியே சரிந்த வெயிலில் ஒரு மன்னன் தன் இழந்த நாட்டை…"

சீ. என்ன நாட்டை? அடித்துவிட்டேன்.

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஓவியப் பள்ளியில் மாடல். ராஜா, சிப்பாய், கோமாளி என்று வேஷம் கட்டிக்கொண்டு பலகை மேடையில் நிற்பான். மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து கரித்துண்டால் வரைவார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிலை. மணி அடித்தால் அடுத்தது. ஜெஸ்சர் டிராயிங் என்று பெயர். மூக்கு, முழி, பொத்தான் எதுவும் வேண்டாம், பாரம் எந்தக் காலில் இருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, அதை மட்டும் பிடி என்பார் மாஸ்டர். அசைகிற மாடலை மறுபடி கூப்பிடமாட்டார்.

அண்ணன் அப்படி நிற்பதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் எழுதி அது எரிந்ததில்லை. ஒரு பத்திரிகை என்னிடம் கதை கேட்டு வருஷக்கணக்காயிற்று. திடீரென்று ஒரு எடிட்டர் கேட்டார். கையில் சரக்கு இல்லை. ஏதாவது கிடைக்காதா என்று நானும் ஒரு தாளோடு போய் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன்.

(கிடைத்தது. நாசமாய்ப் போக.)

3

அன்று ராஜா வேஷம். மணி அடித்ததும் அண்ணன் வாளைத் தலைக்கு மேல் தூக்கினான். அவன் கை, காற்றில் சிக்கிய ஒரு…

வேண்டாம். கை நடுங்கியது. அவ்வளவுதான்.

யாரும் பதறவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் அந்த ஒரே கைக்கு ஐந்தாறு கோடுகள் போட்டாள். மாஸ்டர் அவள் தாளைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தீங்களா? கையில உயிர் இருக்கு! வெட்டப்போற வேகத்தை அப்படியே புடிச்சிருக்கா. மத்தவங்களும் இப்படிப் போடுங்க."

போட்டார்கள். எல்லாத் தாள்களிலும் என் அண்ணனின் வியாதி இருந்தது. அதை எல்லோரும் வேகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

4

"எத்தனை நாளா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ன எத்தனை நாளா?"

"நடிக்காதண்ணா. கை."

அவன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னான்: "போன வருஷத்துலேர்ந்து. டாக்டர் பாத்துட்டாரு. கூடத்தான் செய்யுமாம், குறையாதாம்."

"மாஸ்டர்கிட்ட சொல்லிடேன்."

"சொன்னா? உக்கார வச்சுச் சோறு போடுவாரா? சிப்பாய்னா கையைப் பின்னால கட்டிக்குவேன். கோமாளின்னா பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவேன். இந்த ராஜாதான் சனியன், வாளைத் தூக்கித் தொலைக்கணும்." சிரித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஏய், அந்த மூஞ்சியை வைக்காத. அது நீ எழுதப்போற மூஞ்சி. எழுதினே, கொன்னுடுவேன்."

5

இந்த அண்ணனை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகமாட்டான். அதனால் அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். அக்காவாக மாற்றி ராணி வேஷம் கொடுத்தேன். நடுக்கத்தை இடது கைக்கு மாற்றினேன்.* எப்படி எழுதினாலும் அது அவன்தான் என்று தெரிந்தது. நடுக்கத்தையே எடுத்துவிட்டேன். ஒருவன் நிற்கிறான், சிலர் வரைகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். அதை எந்த எடிட்டர் போடுவார்?

* இடது கை என்று எழுதினால் அவன் தப்பித்துவிடுவான் என்று நிஜமாகவே நம்பினேன். என் புத்தியைப் பாருங்கள்.

6

முடிவு, ஒன்று: மாஸ்டருக்கு விஷயம் தெரிகிறது. அண்ணனைத் தட்டிக்கொடுத்து, "இனிமே உக்காந்தே போஸ் குடுங்க" என்கிறார். பொய். அந்த ஆள் அப்படிப்பட்டவர் இல்லை.

முடிவு, இரண்டு: அண்ணன் கௌரவமாகத் தானே விலகிக்கொள்கிறான். கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது?

முடிவு, மூன்று: நான் இதைக் கிழித்துப் போடுகிறேன்.

மூன்றாவதைக் கேட்டது அண்ணன். நேற்று அவனிடம் படிக்கக் கொடுத்தேன். தாளைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. நீ எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு," என்றான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"கிழிச்சுடும்மா."

7

மாஸ்டர் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர். மாணவர்களையும் படிக்கச் சொல்பவர்.

வழக்கமாக இந்த இடத்தில், முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்று எழுதிவிட்டு என் போன்றவர்கள் நழுவிவிடுவோம். எனக்கு அதற்கும் வழியில்லை. கிழித்திருந்தால் இதை நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள்.