முதல் ஓலையிலேயே வந்த தடை

ஞாயிறு பூசை முடிந்தால் கறிக்கடைக்கு ஓடுகிற குத்தாலத்துக் கிறிஸ்தவர்கள், அன்று கோயில் வாசலை விட்டு நகரவில்லை. அடைக்கலசாமி மகள் ஷீபாவுக்கும் அறுப்பு மெஷின் ஆண்டனிக்கும் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதலாவதை வாசித்தாயிற்று. "தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும்" என்று சாமியார் முடித்த கையோடு, அமலோற்பவம் செல்போனும் கையுமாக அவர் அறையில் நின்றாள். ஊரார் கல்யாணத்தில் தடை தேடுவதை அவள் ஞானஸ்நானக் கடமையாகவே எடுத்துக்கொண்டவள்.

ஷீபா அமெரிக்காவில் பிறந்தவள், அங்கே டிவி நடிகை. ஊர் அதை முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு மன்னிக்கவில்லை. போலீஸ் தொடர்களில் பிணமாகக் கிடந்து, மருந்துக்கடைப் பெண்ணாக நின்று, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் டாக்டராகப் பல வருடம் ஓட்டினாள். கதையில் அந்த டாக்டரை ஹெலிகாப்டரோடு கொளுத்திவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவளை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

அப்பா விட்டுப்போன நிலத்தை விற்க வந்தவள், குத்தகைக்காரன் ஆண்டனியைப் பார்த்ததும் திரும்பிப் போகிற பேச்சையே விட்டாள். பெண்டாட்டியை இழந்தவன், டிவி பக்கமே போகாதவன். அவன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றால், அது சோறு தின்பதாக மட்டுமே இருந்தது. இவனும் கை நழுவினால் அவளுக்குப் போக இடமில்லை.

சாமியார் ஷீபாவையும் ஆண்டனியையும் அறைக்குக் கூப்பிட்டதும், அமலோற்பவம் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள்.

"இவ ஏற்கெனவே கட்டிக்கிட்டவ சாமி. பாருங்க, கோயிலு, குருவானவரு, மோதிரம்!"

"அது சீரியல், அத்த" என்றாள் ஷீபா.

"சாமியார் முன்னாடி சம்மதம்னு சொல்லியிருக்கியேம்மா?"

"அந்தச் சாமியாரும் நடிகர்தான்."

"அங்கி நல்ல அங்கியால்ல இருக்கு!"

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இன்னும் கல்யாணம் ஆகலன்னு அந்த ஊர்ப் பங்குலேருந்து ஒரு கடிதம் வாங்கிடும்மா."

"நான் எந்தப் பங்குலயும் இல்ல, ஃபாதர். கோயிலுக்கே போனதில்ல."

"சரி, வேதப்புத்தகத்துல கை வச்சுச் சொல்லு, போதும். ஆண்டனி, ஒனக்கு சந்தேகம் ஒண்ணும் இல்லியே?"

ஆண்டனி போனை வாங்கிப் பார்த்தான். திரையில் வெள்ளைக் கவுன் ஷீபாவுக்குக் கீழுதடு துடித்தது, அண்ணாந்து பார்த்தாள், கண்ணீர் உருண்டதும் சிரித்தாள்.

"இது நெசக் கல்யாணம் இல்ல சாமி" என்றான். அமலோற்பவத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

அவன் ஷீபாவிடம் திரும்பினான். "களத்துல வச்சு, என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேன். அன்னிக்கும் இப்படியேதான் அழுத. இதே ஒதடு, இதே சிரிப்பு."

"அது உண்மை, ஆண்டனி."

"இது?"

"இது வேலை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுதே. வித்தியாசத்தை நீயே காட்டு."

எதைக் காட்டுவாள்? ஆண்டவன் கொடுத்த சொந்த அழுகையைத்தான் இத்தனை வருடம் டிவிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மாற்று அழுகை கைவசம் இல்லை. கத்தலாம், அதையும் ஏதோ ஒரு தொடரில் கத்தியாயிற்று. சும்மா நிற்கலாம் என்றால், பாழாய்ப்போன கீழுதடு துடிக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

அமலோற்பவம் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட, அச்சு அசல்!"

ஆண்டனி போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"ரெண்டாவது ஓலைய இப்ப வாசிக்க வேணாம் சாமி. அறுப்பு முடியட்டும், பாக்கலாம்."

அவன் படியிறங்கினான். பொத்திய கைக்குள்ளிருந்து ஷீபா அவன் பெயரைச் சொன்னாள். அமலோற்பவத்துக்கே கண் கலங்கிவிட்டது. ஆறுதல் சொல்வதா, கை தட்டுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.